ஊமையான பேட்ஜ்

கட்சியைக் கலைத்த மறுநாளும் சோணைமுத்து கட்சி பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் வெங்காய மண்டிக்கு வந்தார். கட்சித் தலைமை அலுவலகம் பேட்ஜின் இயக்கத்தை நிறுத்திவிட்டது.

ஒரு காலத்தில் அது பேசும். பக்கத்தில் எவர் எதை இனாமாக வாங்கினாலும், லஞ்சம் என்று கொடுத்தவர் பெயரோடு கத்தும். அதற்காகவே மூட்டை தூக்கிய மனுஷனைத் தோளில் தூக்கி கவுன்சிலர் ஆக்கினார்கள். அவர் நுழைந்தாலே ஆபீஸில் லஞ்சத்துக்கு நீண்ட கைகள் மடங்கும். அப்படியும் இருந்தது மதுரை.

பிறகு ஒச்சப்பன் மகள் காதுகுத்து வந்தது. ஒச்சப்பன், சோணைமுத்துவோடு மண்டியில் மூட்டை சுமந்த கூட்டாளி. சோணைமுத்து இலையில் கறியைத் தொட்டதும், "லஞ்சம்! கொடுத்தவர் ஒச்சப்பன்!" என்று சொந்தபந்தம் முன்னால் பேட்ஜ் அலறியது. அடுத்த தேர்தலில் மண்டியே அவருக்கு ஓட்டுப் போடவில்லை. ஒச்சப்பன் அவரோடு பேச்சையே விட்டார்.

இன்று ஒச்சப்பனே தேடி வந்தார். முதுகு போய் வேலையை விட்டவர்.

"என்ன மாப்ள, ஊமையாயிருச்சாம்ல?"

"ஆமாடா."

"பென்ஷனுக்கு கிளார்க்கு துட்டு கேக்குறான். நீ சும்மா பக்கத்துல நில்லு. பேட்ஜ் செத்துப்போனது அவனுக்குத் தெரியாது."

"கேட்டா சொல்லிருவேனே."

"அதனாலதான்டா தோத்த. வா."

பென்ஷன் ஆபீஸில் கிளார்க் பேட்ஜைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது வேலை செய்யுதாண்ணே?"

"இல்ல தம்பி. நான் நிக்கிறேன்."

கிளார்க் சிரித்தார். சாயங்காலம் வரை கையெழுத்து விழவில்லை. இரண்டு பேரும் நகரவில்லை. லாரிக்குக் காத்திருந்த நாட்களைப் போல, தோளோடு தோள் சாய்ந்து நின்றார்கள்.

"நாளைக்கும் வரணும்டா," என்றார் ஒச்சப்பன்.