தண்ணீர் தெரியாத கண்ணாடி

மின்விசிறியின் சத்தம் மாதேஸ்வரனுக்குப் பிடிக்கவில்லை. ஒரே சீராக இருக்கிறது. எடப்பாடியில் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் ஒன்பது வருடமாகப் பாய்லருக்கு விறகு போடுகிறவனுக்கு இரைச்சல் ஏறி இறங்கினால்தான் மனசு அடங்கும். சேலத்துப் பரீட்சை அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டு, எதிரே இருக்கும் அதிகாரியின் தாடையில் நெளிகிறது. லைசென்ஸ் இல்லாமல் இனிமேல் பாய்லர் பக்கம் வரக்கூடாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"தண்ணி மட்டம் காட்டற கண்ணாடியில தண்ணியே தெரியலை. என்ன செய்வீங்க?" என்கிறார் அதிகாரி.

"நெருப்பை வெளிய இழுத்துப் போட்டு அணைச்சுருவேனுங்க. தண்ணி மட்டும் உடவே மாட்டேனுங்க. காஞ்ச குழாயில பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுப் போயிருமுங்க."

மூன்று மாதம் உருப்போட்ட பதில் ஒரு சொல் பிசகாமல் வருகிறது. மதிப்பெண் போடக் குனிந்த பேனா பாதியில் நிற்கிறது. அதிகாரி பார்ப்பது அவன் முகத்தை அல்ல. தோளுயரத்தில் அவனுடைய வலது கை, அங்கே இல்லாத தண்ணீர் வால்வு ஒன்றைத் திருகித் திறந்துகொண்டிருக்கிறது. மாதேஸ்வரனும் இப்போதுதான் அதைப் பார்க்கிறான். சட்டென்று இறக்கித் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறான்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை இப்படித் திறந்திருக்கீங்க?"

மின்விசிறி அதே சீராகச் சுற்றுகிறது. மாதேஸ்வரன் மனசுக்குள் எண்ணத் தொடங்குகிறான். தொடைக்கடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குகின்றன, ஐந்தும் தீர்ந்துவிடுகின்றன.