வாழைக்கு ஊத்தின தண்ணி

கிட்ட வந்து இருங்கோ. உது உரத்துச் சொல்லுற கதையில்லை.

காருக்கென்று புருஷன் தகரத்தில் நிரப்பி வைத்த தண்ணியை, விடிய எழும்பி வாழைக்கு ஊத்தின பொம்பிளையை என்னெண்டு சொல்லுவியள்? பொல்லாதவள் எண்டுதானே?

சிவக்கொழுந்து அதைத்தான் செய்தாள். ஊத்திப்போட்டு, வெறுந் தகரத்தின் மூடியை இறுக்கிக் கொண்டுபோய்க் காரில் வைத்தாள். பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தாள்.

"அப்பனே, இவர் பூட்டின சாமான் வேலை செய்யக்கூடாது. தேங்காய் உடைப்பன்."

இவர் என்றது புருஷன் பஞ்சலிங்கத்தை. மலாயாவில் றெயில்வே உத்தியோகம் பார்த்து, பென்சனோடு ஒரு காரையும் கப்பலேற்றிக்கொண்டு கொடிகாமத்துக்கு வந்த மனுஷன். அந்தக் கார் சாவகச்சேரிக்குப் போகிற வழியில், மீசாலையடியில் கொதித்து நின்றுவிடும். ஊரில் வேறு இடமா இல்லை? சிவக்கொழுந்தின் தமையன் நமசிவாயத்தின் படலைக்கு முன்னால்தான் நிற்கும்.

தமையனுக்கும் புருஷனுக்கும் கதை பேச்சில்லை. சீதனக் காணி எல்லை வேலியில் கதியால் தடியைத் தள்ளி நட்ட சண்டை. ஒரு வீட்டுத் தண்ணியை மற்ற வீடு வாயில் வைத்துக் கனகாலம். வாற மாதம் மகள் மீனாம்பிகைக்குக் கலியாணம். தாய்மாமன் பாலும் அறுகம்புல்லுமாய்த் தலையில் பாலறுகு வையாமல் பிள்ளையைக் கலியாணத்துக்குத் தோயவார்க்கிறது எப்படி? கேட்டால் பஞ்சலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார். கார் கொதித்து நிற்கும்போதும் அப்படித்தான். படலையடியில் நிற்கிற மச்சானைப் பாராமல் தகரத்துத் தண்ணியை ஊத்திக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்.

"உவன்ரை வாசல்லை நிண்டு புகைவிடுறது எனக்கு மானக்கேடு" என்று, கொழும்புக்கு எழுதி ஒரு தேர்மோஸ்ரற் எடுப்பித்தார். எஞ்சின் சூடேறினால் தண்ணி ஓட வழி திறந்துவிடுகிற சின்னப் பித்தளைச் சாமான்.

"பழசு இறுகிப்போச்சு. என்ன சூடெண்டாலும் திறக்குதில்லை."

"உங்களைப் போலை."

"வாயை மூடு. நான் பூட்டி முடியுமட்டும் ஒருத்தரும் கிட்ட வரப்படாது!"

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டிலுக்குள் தட்டினார், முறுக்கினார். பின்னேரம் முழங்கை வரை கிறீசோடு வந்து, "பூட்டியாச்சு. இனி அவன்ரை வாசல்லை நிக்காது" என்றார்.

அதுக்குத்தான் அடுத்தநாள் விடிய அந்த நேர்த்தி.

கலியாணச் சாமான் வாங்க வெளிக்கிட்டார்கள். மீசாலை வந்தது. புஸ்ஸென்று ஆவி. கார் நின்றது. பிள்ளையார் தேங்காய்க்கு ஆசைப்பட்டுவிட்டார்.

பஞ்சலிங்கம் இறங்கித் தகரத்தைத் திறந்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"தண்ணி எங்கை?"

"தகரம் ஒழுக்காக்கும்."

ஏசப்போறார் என்று பார்த்தாள். ஏசவில்லை.

"அப்ப வேறை வழியில்லை" என்று வெறுந் தகரத்தோடு நடந்தார். மனுஷன் இவ்வளவு கெதியாய் நடந்து அவள் கண்டதில்லை.

படலையடியில் நமசிவாயம் வேப்பங்குச்சியைச் சப்பிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் தண்ணி வேணும்."

"காருக்கோ, ஆளுக்கோ?"

"காருக்கு."

"காருக்கெண்டால் கிணத்திலை அள்ளிக்கொண்டு போ. ஆளுக்கெண்டால் உள்ளுக்கு வா."

பஞ்சலிங்கம் காரைப் பார்த்தார். பெண்சாதியைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார்.

"கார் ஆற நேரமெடுக்கும், மச்சான்" என்றார்.

நமசிவாயத்தின் பெண்சாதி நல்லம்மா மோர்ச் செம்போடு ஓடிவந்தாள். "வாங்கோ அண்ணை! மச்சாள், நீயும் வா. காருக்குக் காவலே இருக்கிறாய்?"

கார் எப்பவோ ஆறிவிட்டது. உள்ளே கதைதான் ஆறவில்லை.

"கதியாலைத் தள்ளி நட்டது என்ரை பிழைதான்" என்றார் நமசிவாயம்.

"அதை இரவோடை இரவாப் பிடுங்கினது நான்" என்றார் பஞ்சலிங்கம்.

"நீயே? நான் மாடெண்டெல்லோ இருந்தனான்! அதுசரி, பிள்ளைக்குப் பாலறுகு வைக்க வேறை மாமனைப் பிடிச்சாச்சோ?"

"உன்னை விட்டால் ஆர் மச்சான் இருக்கினம்?"

சிவக்கொழுந்து சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

வெளிக்கிடுகிற நேரம் நல்லம்மா, "நாளைக்கு ஒடியற்கூழ் காய்ச்சிறன். வாங்கோவன் அண்ணை" என்றாள்.

"அலுவல் கிடக்கு, பாப்பம்" என்றார் பஞ்சலிங்கம். கேட்டவுடனே ஓமெண்டால் மரியாதை என்னாகிறது?

சாவகச்சேரி போய்த் திரும்பி வீட்டில் சாமான் இறக்கும்போது, காரின் சீற்றுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி தட்டுப்பட்டது. கொழும்பிலிருந்து வந்த பெட்டி. அங்கே கட்டின சணல் முடிச்சுக்கூட அவிழவில்லை. சிவக்கொழுந்து குலுக்கிப் பார்த்தாள். உள்ளே பித்தளை கிலுங்கியது.

அப்ப ஞாயிறு முழுக்க இந்த மனுஷன் என்னத்தைத் தட்டினவர்?

கிணற்றடியில் பஞ்சலிங்கம் தேவாரம் பாடிப்பாடிக் குளித்துக்கொண்டிருந்தார்.

'கார் நிக்க வழி செய்தது அவர். ஆள் இறங்க வழி செய்தது நான்.' அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

குளித்துவிட்டு வந்தவர், தலையைத் துவட்டிக்கொண்டு சொன்னார்: "புதுச் சாமானும் சரியில்லை. நாளைக்கும் ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும். மீசாலையடியிலை கொதிச்சாலும் கொதிக்கும்."

"கொதிச்சால்?"

"தகரத்திலை தண்ணி இருக்குத்தானே. இப்பத்தான் நிரப்பி வைச்சனான்."

"ஓமோம்" என்றாள்.

விடிய எழும்பி அந்தத் தண்ணியையும் வாழைக்கு ஊத்தினாள். பிறகு, கூழ் கோலிக் குடிக்கப் பிலா இலை நாலு பிடுங்கித் துடைத்து, வெறுந் தகரத்துக்குள் வைத்து மூடினாள்.