செருப்பு ஸ்டாண்டில் மூக்குக் கண்ணாடி

மாமியாரின் மூக்குக் கண்ணாடியை மேஜையிலிருந்து எடுத்துச் செருப்பு ஸ்டாண்டில் ஒளித்துவிட்டு, மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"எவ என் கண்ணாடியைத் தொட்டது? அது மேஜை மேலதான இருக்கும்!"

"நான்தான் தொட்டேன். இப்ப என்னங்கறீங்க?"

"திமிரைப் பாரு! கல்யாணத்தன்னிக்கே நினைச்சேன், இவ அடங்கமாட்டான்னு."

"ஏண்டி, காலங்கார்த்தால அம்மாவைச் சீண்டலேன்னா உனக்குப் பொழுது போகாதா?" என்று கணவன் சீறினான்.

மருமகள் ஒரு நோட்டில் ஏதோ எழுதினாள். முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

பதினோரு மணிக்கு, மறதி நோய்க்கான புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் டாக்டர் அந்த நோட்டைப் புரட்டினார். எதிரே மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி என்னையே, 'நீங்க யாரும்மா'ன்னு மரியாதையாக் கேட்டாங்க டாக்டர். இப்ப வாய் நிறையத் திட்டறாங்க! அதுக்குத்தான் தினமும் வம்புக்கு இழுத்துப் பார்க்கறேன்" என்றாள் மருமகள்.

"இதெல்லாம் பழைய ஞாபகம்மா. புதுசா எதுவும் மனசுல நிக்கலேன்னா, இன்னியோட ஊசியை நிறுத்திடணும்."

மருமகளின் முகம் தொங்கிப்போனது.

"அவ கிடக்கா, நான் சொல்றதைக் கேளுங்க டாக்டர்!" என்று மாமியார் எகிறினார். "இவ வேணும்னே என் கண்ணாடியை ஒளிக்கிறா. திங்கக்கிழமை பீரோவுல, நேத்து வாஷிங் மெஷின்ல, இன்னிக்குச் செருப்பு ஸ்டாண்டுல. எழுதிக்குங்க!"

டாக்டர் அவசரமாக எழுதினார்.

"எல்லாம் உண்மைதான் டாக்டர்" என்ற மருமகளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"அழுது நடிக்கிறா பாருங்க. அதையும் எழுதுங்க!"