அறுபது டிஷ்

நாற்பத்து மூன்றாவது பதார்த்தத்தை வைக்க இலையில் இடமில்லை.

பஞ்சாபகேசன் கரண்டியோடு ஒரு கணம் நின்றார். பிறகு அப்பளத்தைத் தூக்கிச் சாதத்தின் மேல் சாய்த்து, கிடைத்த சந்தில் சேனை வறுவலை வைத்தார்.

முப்பது வருஷமாகக் குத்தாலத்தில் கல்யாணச் சமையல் செய்கிறவர். இப்படி ஓர் இலையை அவரே பார்த்ததில்லை.

இலைக்கு முன்னால் ஹரிஹரசுப்ரமணியன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. இன்று அறுபதாம் கல்யாணம். நெற்றியில் இன்னும் அட்சதை ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதுத் தாலியோடு மனைவி மதுரம்.

அப்போதுதான் மகள் ஸ்ம்ருதி பந்திக்குள் வந்தாள். முந்தாநாள்தான் டொரண்டோவிலிருந்து வந்திறங்கியவள். வாசலில் அடுக்கியிருந்த தாம்பூலப் பைகளைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் எல்லாம் இருந்தன. அவள் சொன்ன ஒன்று மட்டும் இல்லை.

"மாமா, நான் கேட்ட அறுபது டிஷ் எங்கே?"

பஞ்சாபகேசனின் முகம் மலர்ந்தது.

"வந்துண்டே இருக்கும்மா. நாற்பத்து மூணு ஆச்சு. இன்னும் பதினேழுதான்."

ஸ்ம்ருதி அப்பாவின் இலையைப் பார்த்தாள். அடுத்த இலையைப் பார்த்தாள். அறுபது பேர் இலையிலும் அதே நெரிசல். ஏழு துவையல், ஒன்பது பச்சடி, வாழைப்பூ உசிலி, பால்போளி, அசோகா அல்வா.

தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்துக்கு முன் பஞ்சாபகேசனுக்கு அவள் ஆங்கிலத்தில் அனுப்பிய மெசேஜ் அது. அறுபது பேருக்குச் சாப்பாடு. சின்ன டிஷ் அறுபது, நல்லதாக. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளைக் கிண்ணம் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தாம்பூலப் பையும் பஞ்சாபகேசன் பொறுப்பு என்பதால் அதையும் அவரிடமே சொல்லியிருந்தாள்.

அவர் எடுத்துக்கொண்டது வேறு. அறுபது வயசுக்கு அறுபது பதார்த்தம். ஒவ்வொன்றும் கொஞ்சமாக, தரமாக. மாயவரத்திலிருந்து நாலு கை கூடுதலாகக் கூட்டிவந்து, மூன்று நாளாக அடுப்பை அணைக்கவே இல்லை.

"டிஷ்னா பாத்திரம், மாமா!"

பஞ்சாபகேசனின் முகம் விழுந்துவிட்டது. திரும்பி ஹரிஹரசுப்ரமணியனைப் பார்த்தார். அவரோ தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்திரத்துக்கு பிளேட்டுன்னு, பவுலுன்னுதானே சொல்லுவா..." என்றார் பஞ்சாபகேசன், யாருக்கும் கேட்காத மாதிரி.

ஸ்ம்ருதி அப்பா பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தேளே அப்பா, நீங்களே சொல்லுங்கோ."

ஹரிஹரசுப்ரமணியன் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். வகுப்பறைக் குரல் வந்தது.

"பிளேட்டுன்னா தட்டையா இருக்கும். சாஸர் அதுல சின்னது, கப்புக்கு அடியில வைக்கறது. பவுல்னா நல்ல குழிவு, நம்ம கிண்ணம் மாதிரி. டிஷ்ஷுங்கறது ரெண்டுக்கும் நடுவுல, ஆழம் கம்மி, பரிமாற வைக்கறது. ஆனா அதுக்குள்ள இருக்கற பதார்த்தத்துக்கும் அதே பேர்தான். நீ கேட்டதும் சரி, அவர் பண்ணினதும் சரி. தப்பு இங்கிலீஷோடது."

பந்தி முழுக்கச் சிரித்தது.

அதே பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த அஹமது கபீர் மூன்றாவது இலையிலிருந்து கையைத் தூக்கினார்.

"கிண்ணம் எங்க வீட்டுல நெறையக் கெடக்கும்மா. இந்த அசோகாதான் இல்ல. இன்னும் ஒரு கரண்டி வைக்கச் சொல்லு."

ஸ்ம்ருதி கோபமாகவே இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உதட்டைக் கடித்தும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த இலையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்கோ, மாமா."

பஞ்சாபகேசனுக்கு உயிர் வந்தது. ஆட்களை விரட்டினார். ஐம்பதைத் தாண்டியபோது சிலர் வேட்டியைத் தளர்த்திக்கொண்டார்கள். எழுந்து போகத்தான் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

அறுபதாவது திரட்டுப்பால். அதை மட்டும் வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவரே எடுத்துவந்தார். ஹரிஹரசுப்ரமணியனின் இலையருகே குனிந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், மெசேஜ் வந்த அன்னிக்கே உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேனே, டிஷ்னா பாத்திரமா பதார்த்தமான்னு? பதார்த்தம்தான், சந்தேகமே வேண்டாம்னேளே!"

ஹரிஹரசுப்ரமணியன் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். டொரண்டோவிலிருந்து அவள் போட்ட உத்தரவில், ஒரு வருஷமாக அவருக்கு ராத்திரி ஓட்ஸ் கஞ்சிதான்.

"மெதுவாப் பேசும் ஓய்," என்றார். "இன்னும் கொஞ்சம் வையும்."