கப்பல் கொண்டுவந்த கப்புகள்

"அண்ணன் போய் முழுசா அரை வருஷம் ஆகல. அதுக்குள்ள உங்களுக்கு ஜன்னல் அலங்காரம் கேட்குதா அண்ணி?"

வந்ததும் வராததுமாகப் பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. நாற்பது வயது. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். மூக்கின் மேல் கோபமும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய டீ கப்பின் அடியில் பொடிக் கற்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதன் மேல் மணல் கலந்த மண். அதற்கு மேல் தடித்த இலையோடு ஒரு குட்டிச் செடி. சக்குலென்ட் என்பார்களே, அந்த ஜாதி.

"மெதுவா பேசு பாப்பா. அத்தை காதுல விழுந்துடும்."

"விழட்டுமே!" என்று சொன்னாலும் பாப்பாவின் குரல் தானாக இறங்கியது.

அம்மாவுக்கு விஷயம் தெரியாது. சரக்குக் கப்பலில் மெக்கானிக்காக இருந்த அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது, அம்மா இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏற்கெனவே பலவீனமான இதயம். இப்போது சொன்னால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறமும் யாருக்கும் சொல்ல நாக்கு எழவில்லை.

"பக்கத்து வீட்டு டீச்சர் போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்க பழைய சாமான் கடையே கதின்னு கிடக்கறதும், கலர் கலரா கப் பொறுக்கிட்டு வர்றதும், வீட்டுல சிரிப்பும் கும்மாளமும்... கூடப் பொறந்தவ எனக்கு வயிறு எரியுது. அம்மாவை இன்னைக்கே எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அண்ணியின் கை அப்படியே நின்றது.

"அத்தையை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதே பாப்பா. உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

செடிக்கு ஸ்பூனால் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். கையைத் துடைத்தாள். கப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் குரலே மாறிப்போனது.

"அத்தை! இங்க பாருங்க, அடுத்த கப் வந்தாச்சு! உங்க பையன் கூட வேலை செய்யறவர் லீவுல வந்தாராம். அவர்கிட்ட கொடுத்து அனுப்பியிருக்கார்."

பின்னாலேயே வந்த பாப்பா அறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அடேயப்பா! இந்தத் தடவை எந்தத் துறைமுகம்?" என்றாள் அம்மா.

"ஏதோ பனி கொட்டற ஊராம். பேரு என் வாயில நுழையல."

"போன்ல ஒரு வார்த்தை பேசக் கூடாதா துரை?"

"நடுக்கடல்ல ஏது அத்தை சிக்னல்? செடி வச்சு அம்மா கண்ணுக்கு நேரா வைன்னு மட்டும் சொல்லி விட்டிருக்கார்."

மாமியாரும் மருமகளும் சிரித்தார்கள். டீச்சர் சொன்ன கும்மாளம் இதுதான்.

ஜன்னலோரம் முழுக்கக் கப்புகள். ஒன்றில் நீலப் பூ, ஒன்றில் தங்கக் கோடு, ஒன்று விளிம்பு உடைந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. செட்டாக வாங்கினால் வேறு வேறு துறைமுகம் என்று எப்படிச் சொல்வது? பாப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இதோ வரேன் அத்தை" என்று அண்ணி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படியோ அவளும் ஒரு சிரிப்பை வரவழைத்தாள்.

"அண்ணன் சீக்கிரமே வந்துடுவாம்மா."

"நீயுமாடி?" என்றாள் அம்மா.

பாப்பா சட்டென்று குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஓரத்துல இருக்கிற பச்சைக் கப்பை எடு. கைப்பிடியில பசை தெரியுதா? ஸ்கூல் போற வயசுல நீ போட்டு உடைச்சது. நான்தான் ஒட்டினேன். உங்கண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டை ஒழிச்சப்போ, பழைய சாமான்காரன் தலையில கட்டினேன். நம்ம வீட்டுக் கப்பை நமக்கே எந்தத் துறைமுகத்துலேர்ந்துடி அனுப்புவான் அவன்?"

சிரித்துக்கொண்டே சொல்லத்தான் பார்த்தாள். முடியவில்லை. உதடு கோணிக்கொண்டது.

"அது வந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. என் புள்ள உயிரோட இருந்தா இவ எதுக்கு இல்லாத கப்பலுக்குக் கப் வாங்கணும்?"

பாப்பா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சத்தம் வெளியே வராமல் அழுவது லேசான காரியமாக இல்லை. பிறகு தலையைத் தூக்கினாள்.

"அப்போ அண்ணிகிட்ட சொல்லிடலாமேம்மா. பாவம். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதாவது மனபாரத்தை இறக்கிக்கலாமே."

"மூச்! வாயைத் திறந்தே, தெரியும் சேதி."

அம்மா குளியலறைப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்போ அவ சோறு தண்ணி இல்லாம, எலும்பும் தோலுமா சுருண்டு கிடந்தா. இப்போ எனக்குப் பொய் சொல்றதுக்காகவாவது தலையை வாரிக்கிட்டு, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, சிரிச்ச முகமா வந்து நிக்கறா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டா, நாளைக்குக் காலையில அவ யாருக்காகடி எழுந்திருப்பா?"