மரச்செருப்பு யாரிடம் இருக்கிறது?

ஐந்தோவன் அலுவலகத்தில் காலை வெயில் இன்று அதிசயமாக மேசைவரை வந்திருக்கிறது. மேசை நடுவே செர்ரி கேக். ஃபெம்கெயின் மடியில் மஞ்சள் பூசிய ஒற்றை மரச்செருப்பு. அந்தச் செருப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் லிஃப்ட்டின் வரைபடத்தைத் தொடலாம். இருவர் சேர்ந்து தொட்டால் ஒருவருடைய உழைப்பு அழிந்துபோகும். ஒன்பது வருடமாக இதுதான் சட்டம். கட்டமும் கோடுமாக அவர்கள் திரையில் வரைவதை ஒரு மென்பொருள் கருவியே நிரலாக எழுதிவிடும். மூலையில் ஆளுயரத்துக்கு நிற்கும் கண்ணாடிச் சோதனை லிஃப்ட் அதன்படி ஓடும். அந்தக் கருவியை அலுவலகக் கணினியிலிருந்து பெயர்த்து, எங்கிருந்தும் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடலாமென்று, நேற்றுத்தான் இணையத்தில் கிளவுடில் ஏற்றியிருக்கிறாள் ஃபெம்கெ. “ஓடுமான்னே தெரியல, அதுக்குள்ள கேக் வாங்கிட்டு வந்துட்ட. துணிச்சல்தான்,” என்கிறான் யோரிஸ், வாய் நிறையக் கேக்குடன். “துப்பிடேன், யாரு வேணாங்கறா?” என்கிறாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். திரையில் அவளுடைய நீல அம்புக்குறி விளக்குக் கட்டத்தைப் பிடித்திருக்கும்போதே, கால் முறிந்து ஹேர்லனில் வீட்டோடு கிடக்கும் சகா ஹிட்டெயின் ஆரஞ்சு அம்பு தயங்கித் தயங்கி உள்ளே வருகிறது. கதவுக் கட்டத்தை மெல்ல இழுத்து வைக்கிறது. இரண்டு கட்டமும் வைத்த இடத்திலேயே நிற்கின்றன, யாருடையதும் அழியவில்லை. மூலையில் விளக்கு எரிந்து லிஃப்ட்டின் கதவு விலகுகிறது. போனில் ஹிட்டெயின் குரல்: “ஃபெம்கெ, செருப்பு யார்கிட்ட இருக்கு? நான் தொடலாமா?” யோரிஸுக்குச் சிரிப்பில் புரையேறுகிறது. ஃபெம்கெ எழுந்துபோய், திறந்த லிஃப்ட்டுக்குள் செருப்பை வைக்கிறாள். “இப்ப உன்கிட்டதான் வருது ஹிட்டெ. மேல ஏத்து.” கதவு மூடுகிறது. மஞ்சள் செருப்பு கண்ணாடிக்குள் ஆடாமல் அசையாமல் மேலே போகிறது.