முப்பத்தேழாவது வரி

வியாழக்கிழமை எதுவும் மோதாது. அது இவருக்கும் தெரியும். பிறகு ஏன் பொய் சொல்கிறார்?

ஐல்சா முகத்தை மாற்றிக்கொள்ளாமல் டங்கனைப் பார்த்தாள். புள்ளியியல் துறையில் அவளுக்கு ஆலோசகர் அவர். தத்துவமும் புள்ளியியலும் சேர்ந்த பட்டம் அவளுடையது என்பதால் மூன்றாம் ஆண்டுப் பாடத் தேர்வுக்கு இரண்டு துறையின் கையெழுத்தும் வேண்டும். தத்துவத் துறை நேற்றே போட்டுவிட்டது. இன்று மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது.

"நீ கேக்குற பாடம் வியாழக்கிழமை உன் தத்துவ வகுப்போட மோதுது. அவங்க டைம்டேபிள் போடுற அழகுதான் உனக்குத் தெரியுமே. காலம்னா என்னன்னு நாலு வாரம் பேசுவாங்க, மணி பாக்கத் தெரியாது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அந்த வகுப்பு செவ்வாய்க்கு மாறி ஒரு வாரம் ஆகிறது. அவர் முன்னால் கணினி திறந்துதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பேசாம டைம் சீரீஸ் எடுத்துக்கோ."

இதே பாடத்தின் பெயரை ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னாள்.

அம்மா ஆர்பிராத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "கணக்கும் இன்னொண்ணும்" என்பாள். அப்படிப்பட்டவள் போனில், "அந்த டைம் சீரீஸ் எடுத்துக்கோயேன்டி, நல்லாருக்காம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு, கடைக்கு வந்த யாரோ என்றாள்.

தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு டைம் சீரீஸ் பற்றிப் பேசுகிறவர்கள் ஆர்பிராத்தில் யார்?

அம்மா இங்கே பேசியிருக்கிறாள்.

மாணவர்களைப் பற்றிப் பெற்றோரிடம் இவர்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆனால் போனை எடுத்து, பெற்றோர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்பது உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு. நோயாளிகள் எத்தனை நாள் உயிரோடு இருந்தார்கள் என்று கணக்கிடும் பாடம். அதன் செய்முறைக்கு எந்தத் தரவு என்பதை இரண்டு வாரம் முன்பு ஐல்சாதான் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு புதிய மருந்துச் சோதனை. நாற்பத்தாறு பேர்.  அம்மா உடனே, "கெட்டில் கொதிக்குது" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த நாற்பத்தாறு பேரில் அப்பாவும் ஒருவர்.

ஐல்சா அன்றே அவரைக் கண்டுபிடித்துவிட்டாள். பெயர்கள் கிடையாது. ஆனால் நாற்பத்தொரு வயது ஆண் ஒருவர்தான். முப்பத்தேழாவது வரி. சோதனையில் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு நாள். வரியின் கடைசிக் கட்டத்தில், இறந்தவர்களுக்கு ஒன்று என்ற எண். பாதியில் விலகிப் போனவர்களுக்குப் பூஜ்யம்.

பூஜ்யம்.

அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது என்று அட்டவணைக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரியும். அந்த நவம்பரில் இறந்துபோனார்.

"கடைசி வரைக்கும் மருந்து எடுத்தாரு. மருந்துதான் கேக்கலை." பன்னிரண்டு வருஷமாக அம்மா இதையே சொல்லிவந்திருக்கிறாள். அதற்கு முந்தின ஆகஸ்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். ஐல்சாவின் நினைவில் அதைவிட நல்ல மாதம் இல்லை. தினமும் லூனன் கடற்கரை. பேன்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டுக்கொண்டு அப்பா. நடுவில் ஒருநாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று இப்போது தெரிகிறது. அம்மா சிகிச்சையை நிறுத்தவைத்து அவரைக் கைவிட்டிருக்கிறாள். அதைத்தான் மறைக்கிறாள்.

"எங்கம்மா உங்களுக்குப் போன் பண்ணாங்களா?"

டங்கன் பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கோ. நான் செஞ்சது இல்ல, பயப்படாதே."

அவள் எடுக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னைப் பத்தி நான் எதுவும் சொல்லலை. வேற நல்ல பாடம் எதுன்னாங்க, அதைச் சொன்னேன். அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. விலகிப் போனவங்க வரிக்குப் பக்கத்துல, யாரால விலகினாங்கன்னு எழுதியிருக்குமான்னு."

"எழுதியிருக்கா?"

"இல்ல. அதைச் சொல்றதுக்குள்ள அழ ஆரம்பிச்சுட்டாங்க. 'அவளுக்கு அப்ப எட்டு வயசுதான் சார்'னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை."

ஐல்சா எண்ணினாள். அப்பா சோதனையில் சேர்ந்தது ஜனவரி மூன்றாம் தேதி. அதிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு.

ஆகஸ்ட் மூன்று.

வாசலில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்த நீலப் பெட்டி. அதன்மேல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அங்கே போனாலே நீ வாந்தி எடுக்கிறாய், போகாதேப்பா, கடலுக்குப் போகலாம் என்கிறாள். அப்பா அம்மாவைப் பார்க்கிறார். சிரிக்கிறார். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கிறார்.

அவர் கயிற்றை அவிழ்த்த அந்தக் காட்சியைத்தான் தன் வாழ்வின் மிகச் சந்தோஷமான நிமிஷம் என்று இத்தனை நாள் வைத்திருந்தாள்.

டங்கன் வேறொரு படிவத்தை அவள் முன் வைத்தார். டைம் சீரீஸ் என்று அவரே எழுதியிருந்தார். "மாத்திடலாமா?"

மற்ற நாற்பத்தைந்து பேரின் நாட்களும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. அப்பா விலகாமல் இருந்திருந்தால் எத்தனை நாள் கூடியிருக்கும் என்று ஓரளவு கணக்கிடலாம். கூடாமலும் போயிருக்கலாம். அதற்கான வழியைத்தான் அந்தப் பாடம் சொல்லித்தரும்.

ஐல்சா புதுப் படிவத்தை மடித்து அவர் பக்கமே நகர்த்தினாள். உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு என்றிருந்த பழையதை அதன்மேல் வைத்தாள்.

"வேண்டாம், டங்கன். அந்தத் தத்துவ வகுப்பு செவ்வாய்க்கு மாறிடுச்சு."

அவர் கையெழுத்துப் போடும்வரை அவள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.